கையில் பணமாகவே கொடுத்தால் கிராமத்துக் குடும்பத்தில் என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளிர் உரிமைத் தொகை வந்த நாளிலிருந்து ஊரில் இரண்டு பேச்சு. "ஆயிரம் ரூபாயில் என்ன வந்துவிடப் போகிறது" என்பது ஒன்று. "சும்மா கொடுத்து ஜனங்களைக் கெடுக்கிறார்கள்" என்பது இன்னொன்று. வேடிக்கை என்னவென்றால், இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்வார். ஒன்றுக்கும் உதவாத சின்னத் தொகை ஆளைக் கெடுக்கிற அளவுக்கு எப்படிப் பெரிதானது என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

இதற்கெல்லாம் ஊகத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசத்திலும் கென்யாவிலும் கிராமம் கிராமமாகப் பணம் கொடுத்து, கொடுக்காத கிராமங்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அங்கே தெரிந்ததையும் நம் ஊரில் பார்ப்பதையும் சேர்த்து இந்தப் பதில்கள்.

எதையெல்லாம் நேரடிப் பணம் என்கிறோம்?

பொருளாகவோ கூலியாகவோ இல்லாமல், பணமாகவே குடும்பத்தின் கையிலோ வங்கிக் கணக்கிலோ சேர்ப்பதை. நூறு நாள் வேலைச் சம்பளம் இதில் வராது; அது உழைத்து வாங்கும் கூலி. ரேஷன் அரிசியும் வராது.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. தபால்காரர் மணியார்டராகக் கொண்டுவந்து திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக் கொடுத்த காலம் பலருக்கு நினைவிருக்கும். 2023இல் அது 1,200 ரூபாய் ஆனது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 1987இல் 300 ரூபாயாக ஆரம்பித்து, ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 வரை வளர்ந்திருக்கிறது. நிலம் உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பி.எம். கிசான், வருடம் 6,000, மூன்று தவணையாக. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய் என்று முதல் சுற்றிலேயே ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் போனது.

கொடுத்த பணத்தைக் குடித்தே தீர்த்துவிட மாட்டார்களா?

எப்போதும் முதலில் வரும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் பணம் வாங்காதவராக இருப்பார்.

உலக வங்கியின் டேவிட் எவன்சும் அன்னா போபோவாவும் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பணம் கிடைத்த வீடுகளில் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடவில்லை. பல இடங்களில் கொஞ்சம் குறைந்துகூட இருந்தது. மத்தியப் பிரதேசக் கிராமங்களிலும் கென்யாவிலும் இதே கதைதான்.

யோசித்தால் காரணம் புரியும். குடிக்கிறவர் ஏற்கெனவே குடித்துக்கொண்டுதான் இருக்கிறார். அதற்கான காசு அன்றன்றைய கூலியிலிருந்து, வீட்டுக்கு வருவதற்கு முன்பே போய்விடுகிறது. மாதத்தில் தெரிந்த தேதியில் வரும் பணம் அப்படியல்ல. அது வருவதற்கு முன்பே வீட்டில் பெயர் வைத்துவிடுகிறார்கள்: இது சிலிண்டருக்கு, இது குழுத் தவணைக்கு, இது பையன் பஸ்ஸுக்கு. பெயர் வைத்த காசில் கை வைத்தால் வீட்டில் ரகளை ஆகிவிடும்.

ஆனால் இதெல்லாம் சராசரிக் கணக்கு. புருஷன் மொடாக்குடியனாக இருக்கும் வீட்டில், ஏடிஎம் கார்டும் அவன் சட்டைப்பையில் இருந்தால், 19 ஆய்வுகளும் சேர்ந்து அந்தப் பெண்ணுக்கு ஒரு ஆறுதலும் தராது. அங்கே கேட்க வேண்டியது, பணம் கொடுக்கலாமா என்பதல்ல. அது யார் கைக்கு எந்த வழியாகப் போகிறது என்பது. இந்தப் பக்கம் முழுவதும் நான் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வருவதைப் பார்ப்பீர்கள்.

அப்படியென்றால் பணம் எங்கேதான் போகிறது?

முதலில் சோற்றுக்கு. அடுத்து கடனுக்கு. மற்றதெல்லாம் அப்புறம்.

2011, 2012 ஆண்டுகளில், பெண் தொழிலாளர் அமைப்பான சேவா, யூனிசெப் நிதியுதவியோடு மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் பக்கம் ஒரு சோதனை நடத்தியது. 8 கிராமங்களில் இருந்த எல்லோருக்கும், வசதியானவர் வசதியில்லாதவர் என்று பார்க்காமல், பெரியவருக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100. ஒரு வருடம் கழித்து 300, 150 என்று உயர்த்தினார்கள். பணம் போகாத 12 கிராமங்களை ஒப்பிட வைத்துக்கொண்டார்கள். பணம் வந்த ஊர்களில் தட்டில் காய்கறியும் பாலும் கூடின. வயசுக்கேற்ற எடை இல்லாத குழந்தைகள், குறிப்பாகப் பெண் குழந்தைகள், தேறினார்கள். பெரிய வகுப்புக்கு வந்ததும் நின்றுவிடும் பெண் பிள்ளைகள் பள்ளிக்குத் தொடர்ந்து போனார்கள். ஆடு, மாடு, கோழி பெருகியது. விதைக்கும் உரத்துக்கும் சொந்தக் காசு இருந்தது.

கடன் விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை. பத்தாயிரம் ரூபாய் கடன் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 300 வட்டி. வருடத்துக்கு 3,600, அசல் அப்படியே இருக்கும். கூலி வேலை இல்லாத மாதத்தில் அந்த 300 கட்ட முடியாமல், கட்டுவதற்கே இன்னொரு இடத்தில் கைமாற்று வாங்க வேண்டியிருக்கும். இப்படி உழலும் வீட்டுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வந்தால், அது ஆயிரம் ரூபாய்ப் பொருளாக மட்டும் இருப்பதில்லை. வட்டி தவறாமல் போகும், அசலில் கொஞ்சம் கழியும். கம்மலை அடகுக் கடைக்குக் கொண்டுபோகும் நாள் தள்ளிப்போகும். இன்னொன்றும் உண்டு: 15ஆம் தேதி பணம் வரும் என்று மளிகைக்கடைக்காரருக்கும் தெரியும். அதனால் 5ஆம் தேதி நோட்டில் எழுதிக்கொண்டு பருப்பு கொடுக்கிறார். பணம் வராத பத்து நாளிலும் அந்தப் பணம் வேலை செய்கிறது.

கென்யாவில் வேறு மாதிரி. அங்கே கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு பெருந்தொகையாகக் கொடுத்தது, செல்போன் பணமான எம்-பெசா வழியாக. விக்டோரியா ஏரிக்கரையை ஒட்டிய கிராமங்களில் புல் கூரை வீடுதான் ஏழை என்பதற்கு அடையாளம். பணம் வந்ததும் பலர் முதலில் செய்தது புல்லைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டது. கூரையில் காசைப் போடுவது வீண் என்று நினைப்பவர்கள் கூரை வேய்ந்து பார்த்ததில்லை. அடிக்கடி புல்லுக்கும் ஆளுக்கும் செலவழித்துக்கொண்டே இருப்பதைவிட, ஒரே தடவை தகரம் போட்டால் அந்தச் செலவு மிச்சம். நம் ஊரில் ஓலைக் குடிசையில் இருந்தவர்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

சும்மா பணம் வந்தால் வேலைக்குப் போக மாட்டார்களே?

நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025–26இல் ஒரு நாள் கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் ஆயிரம் ரூபாய் மூன்று நாள் கூலிக்குச் சமம். மூன்று நாள் கூலியை வைத்துக்கொண்டு முப்பது நாளும் சும்மா இருக்கத் தெரிந்தவர் இருந்தால் அவரிடம் நிதியமைச்சகத்தையே ஒப்படைக்கலாம்.

ஆய்வுகளும் அப்படியே சொல்கின்றன. பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் உடன் ஆய்வாளர்களும் ஆறு நாடுகளில் ஏழு திட்டங்களின் தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். பணம் வாங்கியதால் ஆண்களோ பெண்களோ வேலையைக் குறைத்ததாகத் தெரியவில்லை.

மாறியது வேலையின் வகை. மத்தியப் பிரதேசத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன நாட்கள் குறைந்து, சொந்தத் துண்டு நிலத்திலும் ஆடு மாட்டோடும் செலவிட்ட நாட்கள் கூடின. கென்யாவிலும் கூலி வேலையிலிருந்து சொந்தத் தொழில் பக்கம் நகர்ந்தார்கள். "வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை" என்ற புலம்பலுக்கு இதில் ஒரு பகுதி காரணம் இருக்கலாம். குறைந்த கூலிக்கு, முன்பணம் வாங்கிய ஒரே காரணத்துக்காக, கூப்பிட்ட நேரத்துக்கு வந்த ஆள் இப்போது "நாளைக்கு வரேன்" என்று சொல்ல முடிகிறது. அதைச் சோம்பேறித்தனம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மாதாமாதம் கொடுப்பது நல்லதா, மொத்தமாகவா?

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கேள்வி இது. பதிலில் நம் ஊர்ச் சீட்டு வருகிறது என்பதும் ஒரு காரணம்.

கிவ்டைரக்ட்லியின் ஆரம்ப காலச் சோதனை ஒன்றில் சிலருக்கு மாதாமாதமும் சிலருக்கு மொத்தமாகவும் கொடுத்தார்கள். மாதாமாதம் வாங்கியவர்கள் வீட்டில் சாப்பாட்டு நிலைமை கூடுதலாகத் தேறியது. மொத்தமாக வாங்கியவர்கள் கூரை, சாமான் என்று நின்று நிலைக்கும் பொருளில் போட்டார்கள். இதுவரை எவரும் எதிர்பார்ப்பதுதான்.

பிறகு இன்னும் பெரிய சோதனை ஒன்றைத் தொடங்கினார்கள். கென்யாவில் 295 கிராமங்கள். சில கிராமங்களில் பெரியவர்கள் எல்லோருக்கும் நாளுக்கு முக்கால் டாலர் கணக்கில் மாதாமாதம், 12 வருடத்துக்கு என்று உறுதி. சிலவற்றில் அதே தொகை, ஆனால் இரண்டே வருடம். சிலவற்றில் ஏறக்குறைய அந்த இரண்டு வருடப் பணம் மொத்தமாக. மீதிக் கிராமங்களில் ஒன்றும் இல்லை. ஆரம்பித்து இரண்டு வருடம் போல ஆனபோது 12 வருடக்காரரும் 2 வருடக்காரரும் கையில் வாங்கியிருந்த தொகை ஒன்றுதான். ஆனால் நடந்துகொண்ட விதம் வேறு. மொத்தமாக வாங்கியவர்கள் கடை, சிறுதொழில் தொடங்கியிருந்தார்கள். 12 வருட உறுதி இருந்தவர்களும் அப்படியே. இரண்டு வருடக்காரர்கள்தான் அந்த அளவுக்கு இறங்கவில்லை.

மாதம் கொஞ்சமாக வரும் பணத்தை வைத்து எப்படிக் கடை தொடங்கினார்கள்? சீட்டுப் போட்டார்கள். பத்துப் பேர் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்ளும் அதே ஏற்பாடு. பல வருடம் தவறாமல் வரும் என்று தெரிந்தவரைச் சீட்டில் சேர்த்துக்கொள்ள எல்லோரும் தயார். அவரும் துணிந்து சேர்வார். எப்போது நிற்கும் என்று தெரியாத பணத்தை நம்பிச் சீட்டுப் போட யாருக்கும் தைரியம் வராது.

தேர்தலுக்குத் தேர்தல் "தொடருமா, நிறுத்துவார்களா" என்ற பேச்சு கிளம்புவது இந்த இடத்தில்தான் கெடுதல் செய்கிறது. நிறுத்தவே வேண்டாம், நிறுத்துவார்களோ என்ற பயம் போதும். பணத்தின் பாதி பலன் போய்விடும்.

ஏன் பெண்கள் பெயரில்?

நம் பாட்டிமார்களுக்கு இதற்குத் தனிச் சொல்லே உண்டு: சிறுவாடு. அரிசிப் பானையிலும் அஞ்சறைப்பெட்டியிலும் ஒளித்துவைத்த காசு. ஆண்களுக்குத் தெரியாமல் சேர்த்த அந்தக் காசுதான் ஆபத்துக்கு முதலில் வெளியே வரும். மெக்சிகோ 1997இல் தொடங்கிய ப்ரோக்ரேசா திட்டமும் பணத்தைத் தாயின் கையில்தான் கொடுத்தது.

ஆனால் பெயர் போட்டால் மட்டும் போதாது. மத்தியப் பிரதேசத்தின் வட பகுதியில் பொருளாதார ஆய்வாளர்கள் ரோகிணி பாண்டே, எரிக்கா பீல்டு குழுவினர் ஒன்றைச் சோதித்தார்கள். நூறு நாள் வேலைக் கூலி குடும்பத் தலைவர் கணக்குக்குப் போகாமல், வேலை செய்த பெண்ணின் சொந்தக் கணக்குக்கே போகும்படி மாற்றினார்கள். கூடவே கணக்கை எப்படிக் கையாள்வது என்று பயிற்சி. பயிற்சியும் கணக்கும் சேர்ந்து கிடைத்த பெண்கள் வெளிவேலைக்குப் போவது கூடியது. அதிலும் முன்பு வீட்டில் அதிகக் கட்டுப்பாடு இருந்த பெண்களிடம் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. பாஸ்புக் ஒருவர் பெயரில், ஓடிபி வரும் செல்போன் மகன் கையில், ரகசிய எண் மருமகனுக்கு மட்டும் தெரியும் என்றிருந்தால் சிறுவாடு எங்கே சேரும்?

குழந்தைகளுக்கு ஏதாவது பலன் உண்டா?

கென்யாவிலிருந்து 2025இல் வெளிவந்த முடிவு ஒன்று இந்தத் துறையில் இருப்பவர்களையே அசத்தியது. சியாயா கவுன்டியில் 653 கிராமங்களை எடுத்துக்கொண்டு, ஏழைக் குடும்பங்களுக்குச் சுமார் ஆயிரம் டாலர் கொடுத்திருந்தார்கள். பிற்பாடு அந்தக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் விவரத்தைச் சேகரித்துப் பார்த்ததில், பணம் வந்த குடும்பங்களில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் 48 சதவீதம் குறைவு. ஏறக்குறைய பாதி.

எப்படி? நிறைமாதத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களிலும் பெண்கள் கடும் வேலைக்குப் போவது குறைந்தது. ஆஸ்பத்திரியில் பிரசவம் கூடியது. டாக்டர் இருக்கும் சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்த ஊர்களில் பலன் அதிகம். பணம் பிரசவ சமயத்தை ஒட்டி வந்தால்தான் பலன். முன்னே பின்னே வந்தால் அந்த அளவுக்கு இல்லை.

இதே 48 சதவீதத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நேரத்தைப் பற்றிய பாடத்தை. மகப்பேறு உதவியின் தவணை ஏழாம் மாதத்தில் கைக்கு வந்தால், அந்தப் பெண் களை எடுக்கப் போகாமல் வீட்டில் இருக்கலாம். குழந்தை தவழ ஆரம்பித்த பிறகு வந்தால் அது வேறு ஏதோ செலவுக்கு ஆகும்; கர்ப்பகாலம் திரும்பி வராது.

எல்லோர் கையிலும் பணம் புழங்கினால் விலைவாசி ஏறாதா?

அதே 653 கிராமங்களில் சந்தை விலைகளையும் குறித்துக்கொண்டே வந்தார்கள். உள்ளூர்ப் பொருளாதாரத்தின் 15 சதவீதம் அளவுக்குப் பணம் கொட்டியும் விலை ஏறியது சராசரியாக 0.1 சதவீதம்தான். கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் அந்தப் பகுதியில் இரண்டரை டாலர் அளவுக்கு வரவு செலவு நடந்தது. ஆட்டுக்கறிக் கடையும் மாவு மில்லும் தையற்கடையும் அதுவரை பாதி நாள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவை. வாடிக்கையாளர் கூடியதும் விலையை ஏற்றாமலே கூடுதலாக விற்க முடிந்தது.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படியல்ல. பிலிப்பைன்ஸில் போக்குவரத்து வசதியில்லாத, பெரும்பாலோருக்குப் பணம் வந்த கிராமங்களில் முட்டை, மீன் மாதிரிச் சீக்கிரம் கெடும் பொருட்களின் விலை ஏறியது. பணம் கிடைக்காத வீட்டுக் குழந்தைகளின் வளர்ச்சி பாதிக்கப்பட்டது. மெக்சிகோவில் ஒதுக்குப்புறக் கிராமங்களில் பணத்துக்குப் பதில் பொருளாகவே கொடுத்தபோது விலை இறங்கியது. சுருக்கமாக, ரோடும் சந்தையும் இருக்கும் ஊரில் பயப்பட வேண்டாம். மலைக்கிராமத்தில் பயப்படலாம்.

அப்படியானால் ரேஷன் அரிசிக்குப் பதிலாகப் பணமே கொடுத்துவிடலாமே?

புதுச்சேரியில் செய்து பார்த்தார்கள். 2015 செப்டம்பரில் உணவு மானியம் அங்கே வங்கிக் கணக்குக்கு மாறியது. பின்னால் புதுச்சேரி அரசின் இலவச அரிசியும் பணமானது. அரிசியா பணமா என்று முதலமைச்சருக்கும் துணைநிலை ஆளுநருக்கும் நடந்த இழுபறி நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2024 தீபாவளியை ஒட்டி ரேஷன் கடைகளை மறுபடியும் திறந்தார்கள்.

மக்கள் மனக்குறை எளிமையானது. இருபது கிலோ அரிசி என்பது விலை ஏறினாலும் இருபது கிலோதான். பணம் அப்படியா? அரிசி விலை ஏறும்போது அந்தத் தொகை தானாக ஏறாது. ஏற்றச் சொல்லி யாராவது போராட வேண்டும். என் கருத்தில், ரேஷன் ஒழுங்காக நடக்கும் மாநிலத்தில் அதை எடுத்துவிட்டுப் பணம் கொடுப்பது வீண் வேலை. சோற்றுக்குக் கவலையில்லாத வீட்டில்தான் மேற்கொண்டு வரும் ஆயிரம் ரூபாய் கடனுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் போகிறது.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினால்தான் பணம் என்று நிபந்தனை போடலாமா?

போடலாம், வேலையும் செய்யும். மெக்சிகோவின் ப்ரோக்ரேசாவில் செய்தது. ஆனால் நிபந்தனை தவறிய வீடு எது என்று பாருங்கள். பெரும்பாலும் ஊரிலேயே கஷ்டமான வீடாக இருக்கும். மலாவியில் இளம்பெண்களிடம் இரண்டு விதமாகவும் முயன்றார்கள். நிபந்தனையோடு கொடுத்தபோது படிப்பு கூடுதலாக முன்னேறியது. நிபந்தனையில்லாமல் கொடுத்தபோது, பள்ளியை விட்டு நின்றுபோன பெண்களுக்குச் சிறுவயதில் கல்யாணமும் கர்ப்பமும் ஆவது குறைந்தது. படிப்பை நிறுத்திய பெண்ணுக்குப் பணத்தையும் நிறுத்தினால் அடுத்து வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று நமக்குத் தெரியாதா?

பக்கத்து வீட்டுக்குக் கிடைத்து எங்களுக்குக் கிடைக்காவிட்டால்?

வயிற்றெரிச்சல்தான். கென்யாவில் இதையும் அளந்திருக்கிறார்கள்: அக்கம்பக்கம் பணம் வாங்கியபோது, வாங்காதவர்களின் மனநிறைவு குறைந்தது.

மகளிர் உரிமைத் தொகைக்கு வைத்த வரம்புகளில் சில: குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள், கார் இருக்கக் கூடாது. ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருவர். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே கார்டில் மாமியாரும் இரண்டு மருமகள்களும் இருந்து, மூன்று அடுப்பு எரியும் வீட்டில் என்ன செய்வது? அண்ணன் தம்பி இருவர் வீட்டுக்கும் ஒரே மீட்டர் என்றால்?

நிலத்தை அளவுகோலாக வைக்கும்போது இன்னும் மோசம். பி.எம். கிசான் பட்டா வைத்திருப்பவருக்கு. குத்தகைக்கு உழுபவருக்கு இல்லை. தெலங்கானாவின் ரைத்து பந்து 2018இல் ஏக்கருக்கு இவ்வளவு என்று தொடங்கியது. எனவே அதிக நிலம் உள்ளவருக்கு அதிகப் பணம், கூலிக்காரருக்கு ஒன்றுமில்லை. ஒடிசாவின் காலியா திட்டம் குத்தகைதாரரையும் நிலமற்ற விவசாயத் தொழிலாளரையும் சேர்த்துக்கொண்டது. ஆக, முடியாத காரியம் இல்லை.

பணம் நின்றுவிட்டால் பழைய நிலைமைக்கே போய்விடுவார்களா?

பாதி ஆம். உகாண்டாவின் வடபகுதியில் 2008இல் இளைஞர் குழுக்களுக்குத் தலைக்குச் சுமார் 400 டாலர் கொடுத்தார்கள். நான்கு வருடத்தில் அவர்கள் வருமானம் மற்றவர்களைவிட 38 சதவீதம் அதிகம். ஒன்பதாவது வருடத்தில் மற்றவர்களும் எட்டிப் பிடித்துவிட்டார்கள். வருமானத்தில் வித்தியாசம் மறைந்தது. வாங்கிய கருவிகளும் கற்ற தொழிலும் மட்டும் மிஞ்சின. அந்த ஐந்தாறு வருடம் கூடுதலாகச் சாப்பிட்டதை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் கணக்கில் வர வேண்டும்.

ஆயிரம் ரூபாய் வறுமையை ஒழித்துவிடுமா?

ஒழிக்காது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கணக்கில் விழுந்த பணம் கைக்கு வருவதில் என்ன சிக்கல்?

நிறைய. எந்த ஆய்வுக் கட்டுரையும் இதற்கு உரிய இடம் கொடுப்பதில்லை.

மகளிர் உரிமைத் தொகை வந்த முதல் மாதமே, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அதிலிருந்து பிடித்துக்கொண்டதாகப் புகார் கிளம்பி, மாநில அரசு எச்சரிக்கை விட வேண்டி வந்தது. ஜன்தன் போன்ற அடிப்படைச் சேமிப்புக் கணக்காக இருந்தால் இருப்பு இல்லை என்று பிடிக்க முடியாது. சாதாரணக் கணக்காக இருந்தால் சில வங்கிகளில் பிடிப்பார்கள். வங்கிக்குப் போய் அடிப்படைக் கணக்காக மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

அடுத்தது ஆதார். ஆதார் வழியாக அனுப்பும் பணம், கடைசியாக எந்தக் கணக்கை ஆதாரோடு இணைத்தீர்களோ அதற்குப் போகும். இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பவர்கள் ஒன்றில் தேடிக்கொண்டிருப்பார்கள், பணம் இன்னொன்றில் இருக்கும். களை எடுத்தும் சித்தாள் வேலை செய்தும் ரேகை தேய்ந்த விரலை மெஷின் ஏற்காது. ஊருக்கு வரும் வங்கி முகவர் நூறு ரூபாய்க்கு இவ்வளவு என்று கையில் பிடித்துக்கொள்வதும் நடக்கிறது. அப்படிப் பிடிக்க அவருக்கு உரிமை இல்லை, அவருக்கான கமிஷனை வங்கியே கொடுக்கிறது. பஸ் ஏறி டவுனுக்குப் போனால் போக வர டிக்கெட்டும் ஒரு நாள் கூலியும் போகிறது.

ஏமாற்று வேறு. 2020இல் தமிழ்நாட்டில் பி.எம். கிசான் பட்டியலில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களைச் சேர்த்திருந்தது வெளிவந்து, சிபிசிஐடி விசாரணை வரை போனது. கடன் வாங்கித் தருகிறேன், கொரோனாப் பணம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது ஆதாரும் பாஸ்புக் நகலும் கேட்டால் கொடுக்காதீர்கள். பின்னால் அரசு பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது உங்கள் கணக்கைத்தான் பிடிப்பார்கள்.

ஒழுங்காக வந்துகொண்டிருந்த பணம் திடீரென்று நின்றுவிட்டது. எங்கே போய்க் கேட்பது?

முதலில் வங்கி, அப்புறம் தாலுகா ஆபீஸ். வங்கியில் ஆதார் இணைப்பு உயிரோடு இருக்கிறதா, எந்தக் கணக்கோடு இருக்கிறது என்று பாருங்கள். ஆதார் இணையதளத்திலும் பார்க்கலாம், ஓடிபி வரும் செல்போன் கையில் இருக்க வேண்டும். பாதிப் பேருக்குச் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும். அங்கே சரியாக இருந்தால் பெயரை நீக்கியிருக்கிறார்களா, என்ன காரணம் என்று கேளுங்கள். 2023இல் உரிமைத் தொகை விண்ணப்பம் தள்ளுபடி ஆனவர்கள், 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய வழி வைத்திருந்தார்கள். வாய்ப்பேச்சாக முடித்துக்கொள்ளாமல் இப்படி எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

போகும் முன் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக்கொண்டு போங்கள். எந்த மாதத்தோடு நின்றது என்று தேதியைக் காட்டினால்தான் கவுன்டரில் பேச்சு நகரும்.